இடக்கைக் கட்டு

கண்ணாயிரத்துக்குத் தன் மச்சான் சின்னையன் மேல் பொறாமை பிடித்த நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். அறுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. மஞ்சக்குப்பத்தில் நூர்முகம்மது மூங்கில் டிப்போவுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வில் அம்பு செய்கிறவர்கள் சங்கத்தின் கூட்டம் நடந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. நான் வாசலோரம் பெஞ்சில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். எனக்கு அதற்குமேல் உள்ளே இடம் கிடையாது. நான் தையல்காரன். அம்பு போட்டு முதுகில் மாட்டிக்கொள்கிற கான்வாஸ் பைகளைத் தைத்துக் கொடுப்பவன். சங்கத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போன வருஷம் கேட்டபோது, "துணி தைக்கிறவருக்கு வில்லுல என்ன வேலை?" என்று முதலில் கேட்டவன் கண்ணாயிரம்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சங்கம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் பதினொரு குடும்பங்கள் வில் செய்தன. சிதம்பரம் தேருக்கும் மற்றத் திருவிழாக்களுக்கும் பிள்ளைகள் விளையாடுகிற சின்ன வில்தான் முக்கால்வாசி. ஒரு தேரில் எவனோ இரும்பு முனை வைத்து விற்ற அம்பு ஒரு குழந்தையின் புருவத்தைக் கிழித்துவிட, மறுநாளே போலீஸ்காரர்கள் எல்லாருடைய சரக்கையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அப்போது நூர்முகம்மதுதான் பதினொரு குடும்பத்தையும் கூட்டிச் சங்கம் என்று ஒன்றை வைத்தார். அம்பு முனை மழுங்கலாக இருக்க வேண்டும், அதில் மெழுகுத் துணி சுற்ற வேண்டும், சங்கத்து முத்திரை இல்லாத வில் தேரடிக்குப் போகக் கூடாது என்று எழுதி அதிகாரிகளிடம் கொடுத்துக் கடையை மறுபடி போடவைத்தார். கடைக்கு இடம் பிரித்துக் கொடுப்பதும் சங்கம்தான். அதற்குமுன் தேரடியில் ஒருவன் கூடையை இன்னொருவன் உதைத்துத் தள்ளியதை நானே பார்த்திருக்கிறேன்.

சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் டிரில்லும் அணிவகுப்பும் அதிகமாகிவிட்டன. அந்த வேகத்தில் தை மாதம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடக்கிற விளையாட்டுப் போட்டியில் வில் வித்தையும் வைக்கலாம் என்று டிரில் மாஸ்டர் ஞானசேகரன் கிளம்பினார். நாற்பது வில் வேண்டும். பொம்மை வில் இல்லை, ஆள் உயர வில். அதற்கான கூட்டம்தான் அது.

நாற்பதையும் நாலு குடும்பத்துக்குப் பத்துப் பத்தாகப் பிரித்தார்கள். கண்ணாயிரத்துக்குப் பத்து, சின்னையனுக்குப் பத்து, மற்ற இரண்டு பேருக்குப் பத்துப் பத்து. அதுவரை சரிதான். அப்புறம் நூர்முகம்மது தொண்டையைச் செருமினார்.

"பெரிய வில்லு. புள்ளைங்க கையில போவப் போவுது. ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பாத்து முத்திரை போட ஒரு ஆளு வேணும். யாரு மூஞ்சியும் பாக்காத ஆளா இருக்கணும். சின்னையன் இருக்கட்டும்னு எனக்குப் படுது. ஆட்சேபணை இருக்குதா?"

அந்த ஊரில் கண்ணாயிரம் கையில் பிறந்த வில்லுக்கு ஈடாக இன்னொன்று இல்லை. இது எனக்குப் பிடிக்காத உண்மை, ஆனாலும் உண்மை. கல்வராயன் மலைக் கல்மூங்கிலை அவன் பிளந்து, மேல்தோலில் கத்தி படாமல் உள்பக்கத்தை மட்டும் சீவி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி எடுப்பதை வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்திருக்கிறேன். அவன் எழுந்தான்.

"சங்கத்துக்கு வில்லு செய்யத் தெரிஞ்சவன் வேணுமா, சிரிச்சுப் பேசத் தெரிஞ்சவன் வேணுமா? அத மொதல்ல சொல்லுங்க."

"வில்லு செய்யிறது வேற, வில்லு பாக்குறது வேற கண்ணாயிரம். உனக்குக் கோவம் ஜாஸ்தி."

சின்னையன் அவசரமாக எழுந்தான். "மாமா, உங்களுக்கு வேணும்னா நீங்களே இருங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

"பிச்ச போடுறியா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குடையையும் எடுக்காமல், கண்ணாயிரம் தூறலில் இறங்கிப் போய்விட்டான்.

அவன் போன பிறகு ஒரு தீர்மானம் போட்டார்கள். முத்திரை போடுகிறவனுடைய வில் அந்த ஆர்டரில் வரக் கூடாது. தன் வில்லுக்குத் தானே முத்திரை போட்டுக்கொண்டான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது இல்லையா? சின்னையனே கேட்டு வாங்கிய தீர்மானம் அது. அவனுடைய பத்தைக் கோவிந்தசாமி குடும்பத்துக்கு மாற்றினார்கள். இது கண்ணாயிரத்துக்குத் தெரியாது. யாராவது போய்ச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சின்னையன் என்ற பெயரை எடுத்தாலே எழுந்து போகிறவனிடம் யார் போய்ச் சொல்வது?

இரண்டு வீடும் ஒரே தெருவில் ஐந்து வாசல் தள்ளி இருந்தன. கண்ணாயிரத்தின் மனைவி விருத்தாம்பாள் சின்னையனின் அக்கா. அந்த ஐந்து வாசலைத் தாண்டிப் போகக் கூடாது என்று அவளுக்கு உத்தரவாகிவிட்டது. நூல்கண்டு கொடுக்கப் போகும்போதெல்லாம் அந்த வீட்டுப் பேச்சு என் காதில் விழும்.

"தம்பி வந்து..." என்று அவள் ஆரம்பிப்பாள்.

"கம்மங்கூழு கரைச்சியா?"

"கரைச்சேன். அந்தத் தீர்மானத்துல தம்பி..."

"வெங்காயம் எங்க?"

அவ்வளவுதான். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கூழைக் குடிப்பான். சின்னையன் சைக்கிளில் போனால் மணிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். சின்னையன் புதுச் சட்டை போட்டால் அது சங்கத்தில் அடித்த சட்டை. சின்னையன் வீட்டில் மீன் குழம்பு வாசனை வந்தால், "முத்திரைக்காரன் ஊட்டுல விருந்து" என்பான். ஒருநாள் என்னிடமே கேட்டான்.

"பாய், அவன் கட்டுன வில்லப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"கட்டுப் பீச்சாங்கையில சுத்தியிருக்கும். அவன் பொண்டாட்டி பட்டம்மா பீச்சாங்கைக்காரி. ஊரு ஒலகமே நூல வலப்பக்கம் சுத்துனா அவ இடப்பக்கம் சுத்துவா. ஆயிரம் வில்லக் குவிச்சுப் போடுங்க, அவன் வில்லக் கண்ண மூடிக்கிட்டு எடுத்துக் குடுப்பேன்."

"அதுல கொற ஒண்ணும் இல்லியே."

"கொறைன்னு நான் சொன்னனா?" என்றான். ஆனால் சொல்லும்போது அவன் முகத்தில் வேப்பங்காயைக் கடித்த மாதிரி ஒரு சுளிப்பு இருந்தது.

கட்டு என்று அவன் சொன்னது, வில்லின் நடுவில் கைப்பிடிக்குச் சுற்றுகிற நூல் கட்டு. வில் சீவுவது ஆண்கள் வேலை என்றால் கட்டு கட்டுவது பெண்கள் வேலை. புளியங்கொட்டைப் பசையைத் தடவி, நெருக்கமாக நூலைச் சுற்றி, நுனியை உள்ளே செருகி இழுத்து, மேலே அரக்கு பூசுவார்கள். பள்ளிக்கூடத்து ஆர்டருக்கு எல்லாருக்கும் ஒரே காக்கி நூல் என்று சங்கம் சொல்லியிருந்ததால் நூல் முழுக்க என் கடையிலிருந்துதான் போனது.

மார்கழி வந்தது. விடிகாலையில் கெடிலம் ஆற்றுப் பக்கமிருந்து பனி ஏறித் தெருவே தெரியாது. மூங்கில் ஈரம் குடிக்கும் என்று கண்ணாயிரம் வில்களை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கி வைத்திருந்தான். பத்தையும் சீவி, தணலில் வாட்டி, வளைவு பார்த்து முடித்துவிட்டு, கட்டு வேலையை விருத்தாம்பாளிடம் விட்டுவிட்டுச் சிதம்பரம் தேருக்குக் கூடைகளோடு புறப்பட்டான். பத்து நாள் கடை. போகும்போது அவளிடம் அவன் சொன்னது இதுதான்: "சங்கத்துல குடுக்கறப்ப என் வில்லுதான்னு தெரியற மாதிரி குடு. அவன் என் வில்லத் தொட்டுப் பாத்து வயிறு எரியணும்."

அவன் போன மூன்றாம் நாள் விருத்தாம்பாளின் வலது உள்ளங்கையில் மூங்கில் சிலாம்பு ஏறிவிட்டது. எடுத்தாலும் பாதி உள்ளே நின்று, கை பூரியாக வீங்கிவிட்டது. விரலை மடக்க முடியவில்லை. பத்து வில் கட்டாமல் கிடந்தது.

அன்று மத்தியானம் நூல் கொண்டுபோனேன். உள்ளே பட்டம்மாள் உட்கார்ந்திருந்தாள். கால் பெருவிரலில் நூலை மாட்டி, இடது கையால் சரசரவென்று சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விருத்தாம்பாள் மஞ்சள் பற்றுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பசை தொட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் முகம் வெளுத்தது.

"பாய், பாத்தத இங்கியே மறந்துடுங்க" என்றாள் விருத்தாம்பாள். "இவ கை பட்டதுன்னு தெரிஞ்சா அவுரு அத்தனையையும் அடுப்புல வெச்சுடுவாரு."

"எனக்கென்ன தங்கச்சி. நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

பட்டம்மாள் தலை நிமிராமலே சொன்னாள். "அண்ணி, வலப்பக்கம் சுத்திப் பாக்கட்டுமா? அண்ணன் கட்டப் பாத்தா ஆளச் சொல்லுவாரு."

"உனக்கு வராதுடி. தளர்ந்துபோச்சுன்னா வில்லு கெட்டுப் போவும். அவுரு வர்றதுக்குள்ள சங்கத்துல சேத்துடுவேன். முத்திர விழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா அப்புறம் எங்க பாக்கப் போறாரு?"

அவர்களிரண்டு பேரையும் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு உடம்புக்கு வந்தால் என் வேலையைச் செய்து கொடுக்க இப்படி ஒரு ஆள் இந்த ஊரில் உண்டா என்று தோன்றியது. சின்ன புத்திதான். சொல்லிவிடுகிறேன்.

பத்து வில்லையும் அவள் டிப்போவில் கொடுத்தாள். அங்கே கணக்கப்பிள்ளை வில்லுக்கு ஒரு நம்பர்ச் சீட்டு ஒட்டி, எந்த நம்பர் யாருடையது என்பதைத் தனித்தாளில் எழுதி உறையில் ஒட்டி வைத்துவிடுவார். சோதனை முடிந்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். தேறாத வில்லை அங்கேயே, அப்போதே, நடுக்கட்டில் வைத்து ரம்பத்தால் அறுத்துவிட வேண்டும். தேறாத வில் பின்பக்கமாகச் சந்தைக்குப் போய்ச் சங்கத்துப் பெயரைக் கெடுக்கக் கூடாது என்று வைத்த விதி.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் புவனகிரியில் பட்டம்மாளின் அப்பா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் சின்னையனும் பட்டம்மாளும் விருத்தாம்பாளும் போய்விட்டார்கள். கண்ணாயிரம் அன்று பகல் பன்னிரண்டு மணிக்குச் சிதம்பரத்திலிருந்து காலிக் கூடைகளோடும் ஒரு தூக்குக் களியோடும் வந்து இறங்கினான். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சாவை விசாரித்துக்கொண்டு நேரே கொட்டகைக்கு வந்தான்.

அங்கே நூர்முகம்மது தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரில் மாஸ்டர் வந்து காத்திருக்கிறார். முத்திரைக்காரன் சாவுக்குப் போய்விட்டான்.

"கண்ணாயிரம், நல்ல நேரத்துல வந்தே. இன்னைக்கு ஒருநா நீ பாத்துக் குடு. நம்பரு மட்டுந்தான் இருக்குது, யாரு வில்லு எதுன்னு உனக்கும் தெரியப் போறதில்ல."

கண்ணாயிரம் கூடைகளை இறக்கி வைத்தான். துண்டை இடுப்பில் கட்டினான். இரண்டு மாதமாக அவன் முகத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம்.

"நாந்தானா வேணும்? ஒங்க முத்திரைக்காரன் வரட்டுமே."

"வெளையாடாதே."

"சொல்றவங்க சொன்னா செய்யிறேன்" என்றான். ரம்பத்தைக் கேட்டு வாங்கி, பல்லைத் தடவிப் பார்த்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

நாற்பது வில்லும் கோரைப்பாயில் வரிசையாகக் கிடந்தன. நான் பைகளை ஒப்படைக்க வந்தவன், வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவன் கண் வரிசை மேல் ஓடியது. பத்து இடத்தில் நின்றது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. முப்பது வலக்கட்டு, பத்து இடக்கட்டு. முப்பது தன்னுடையதும் மற்ற இரண்டு பேருடையதும், இந்தப் பத்து சின்னையனுடையது என்று அவன் மனக்கணக்குப் போட்டுவிட்டான். கணக்கு அவனுக்கு இம்மி பிசகாமல் சரியாக வந்தது.

முதல் வில்லை எடுத்து நாணேற்றி, கொட்டகைத் தூணில் மாட்டி, நாணில் எடைக்கல்லைத் தொங்கவிட்டான். கோடு வரை இறங்கி ஆடாமல் நின்றது. கல்லை எடுத்ததும் நேராகத் திரும்பியது. அது வலக்கட்டு.

"இதுதான்யா வில்லு" என்றான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பாருங்க சார், எப்புடித் திரும்புதுன்னு."

பிற்பாடு நம்பரைப் பார்த்தால் அது கோவிந்தசாமி வீட்டு வில்.

நாலாவதோ ஐந்தாவதோ இடக்கட்டு வந்தது. கல்லைத் தொங்கவிட்டான். தண்ணீரில் படகு இறங்குவது போல அத்தனை ஒழுங்காக இறங்கியது. திரும்பி வந்தபோது நாண் மெல்லிசாக ஒரு சத்தம் கொடுத்தது. கொட்டகையில் எல்லாரும் அதைக் கேட்டோம். கண்ணாயிரம் மட்டும் கைப்பிடிக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேறாது" என்றான்.

"ஏன்? நல்லாத்தானே நிக்குது?" என்றார் டிரில் மாஸ்டர்.

"பாக்க நல்லாத்தான் இருக்கும் சார். மேல் நுனி கனம். கணு செத்துப்போயிருக்குது. இன்னைக்கு நிக்கும், நாலு நாளு போனா முறுக்கிக்கும். செஞ்சவனுக்குக் கை இருக்குது, பொறும இல்ல."

ரம்பத்தை எடுத்து, வில்லை முழங்காலில் கொடுத்து, காக்கிக் கட்டின் மேல் வைத்து இழுத்தான். கல்மூங்கில் லேசில் அறுபடாது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு துண்டையும் ஓரமாக எறிந்தான்.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "கண்ணாயிரம், கொஞ்சம் பொறு" என்றால் போதும். சொல்லவில்லை. விருத்தாம்பாளுக்குக் கொடுத்த வாக்கு என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அது பொய். அவன் அறுப்பதைப் பார்க்க எனக்கு இனித்தது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வருஷமாக அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கியவன் நான். அந்தக் கையே அந்தக் கையின் வேலையை அறுக்கிறது என்பது அந்தக் கொட்டகையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். இரண்டாவது அறுபட்டபோதும் இனித்தது. ஐந்தாவதில் இனிக்கவில்லை. எட்டாவதில் வெளியே போய்விடலாம் என்று எழுந்து, மறுபடி பெஞ்சிலேயே உட்கார்ந்தேன்.

ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு குற்றம் சொன்னான். இது முதுகு சீவியது. இது தணல் காணாதது. இது பச்சை மூங்கில். டிரில் மாஸ்டர் அத்தனையையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பத்தும் அறுபட்டு, முப்பதுக்கும் இரும்பைக் காய்ச்சி முத்திரை வைத்த பிறகு கண்ணாயிரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"யாரு மூஞ்சியும் பாக்கல நான்" என்றான் நூர்முகம்மதுவைப் பார்த்து.

அவர் உறையைப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். தாளைப் பார்த்தார். அறுபட்ட துண்டுகளின் நம்பரைக் குனிந்து பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"கண்ணாயிரம், தேறாததெல்லாம் உன்னுது."

"எது?"

"பதினொண்ணுலேருந்து இருவது. பத்தும் உன் ஊட்டு வில்லு."

"அது சின்னையன் வில்லு பாய். கட்டப் பாருங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

நூர்முகம்மது மெதுவாகச் சொன்னார். "சின்னையன் இந்த ஆர்டருக்கு வில்லே குடுக்கலியேப்பா. முத்திரை போடுறவன் குடுக்கக் கூடாதுன்னு அன்னைக்கே தீர்மானம் ஆச்சு. நீதான் பாதியில எழுந்து போயிட்டே."

கண்ணாயிரம் ஓரத்தில் கிடந்த பாதி வில் ஒன்றை எடுத்தான். கட்டைப் பார்க்கவில்லை இப்போது. உள்பக்கத்தில் கட்டைவிரலை வைத்துக் கீழிருந்து மேலாகத் தடவினான். கண்ணாடிச் சில்லு ஓடிய வழி. தடவிக்கொண்டே போய் நுனியில் விரல் நின்றது. அவன் உதடு கோணியது. அழப் போகிறான் என்று நினைத்தேன், அழவில்லை.

"இப்ப நான் புத்தகத்துல எழுதணும்" என்றார் நூர்முகம்மது. "ஒண்ணு உன் வில்லு சரியில்ல, இல்லாட்டி உன் வாக்கு சரியில்ல. எத எழுதட்டும்?"

கையிலிருந்த பாதி வில்லைக் கீழே வைத்துவிட்டு, "வில்லு சரியில்லன்னு எழுதுங்க" என்றான் கண்ணாயிரம். களித் தூக்கை எடுத்துக்கொண்டு போனான். கூடைகள் அங்கேயே கிடந்தன.

மூன்றாம் நாள் காலையில் சின்னையன் ஊர் திரும்பி, டிப்போவுக்குப் போய்விட்டு என் கடைக்கு வந்தான். சாவு வீட்டுச் சோர்வு கண்ணில் இருந்தது. கையில் ஒரு கோணிச் சாக்கு. அறுபட்ட துண்டுகளை அங்கிருந்து பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"பாய், தொணைக்கு வாங்க. தனியாப் போனா மாமா கதவச் சாத்திடுவாரு."

போனோம். கண்ணாயிரம் கொல்லையில் முருங்கை மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாகக் கத்தியைத் தொடவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை என்று விருத்தாம்பாள் சொன்னாள். புவனகிரியிலிருந்து தம்பிக்கு முன்னாலேயே திரும்பியவள், வந்த அன்றே எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டாளாம். சிலாம்பு ஏறினது, பட்டம்மாள் வந்தது, எல்லாம். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். "திட்டியிருந்தா தேவல பாய்" என்றாள்.

சின்னையன் சாக்கை அவிழ்த்துத் துண்டுகளை மண்ணில் பரப்பினான்.

"மாமா, டிப்போவுலயே பத்தையும் பாத்துட்டேன். இதுல ஒரு குத்தமும் இல்ல. நான் போயி சங்கத்துல சொல்றேன். முத்திரைக்காரன் நான் சொன்னா மாத்தி எழுதுவாங்க. எங்கிட்ட காஞ்ச மூங்கிலு இருக்குது, எடுத்துக்குங்க. பத்து நாளு இருக்குது, பத்து வில்லு நீங்க பண்ணிடுவீங்க."

கண்ணாயிரம் தலையைத் தூக்கினான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் மச்சானை நேராகப் பார்க்கிறான். பார்வையில் அப்படி ஒரு எரிச்சல்.

"நீ சொல்லி என் வில்லு நல்ல வில்லு ஆவணுமா?"

"நல்ல வில்ல நல்ல வில்லுன்னுதான மாமா சொல்றேன்."

"நல்ல வில்லு இல்ல. நுனி கனம்." ஒரு துண்டைப் பிடுங்கி நீட்டினான். "பாரு. கணு செத்துது. இது பச்ச. இதுக்குத் தணலு பத்தல. நாந்தான் செஞ்சேன், எனக்குத் தெரியாதா? முத்திரைக்காரனுக்கு இதுகூடவா தெரியல?"

"மாமா, மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க."

"தொட்டுத்தான் சொல்றேன். பத்தும் குப்ப. எரிச்சுடு."

தன் கையால் செய்த வில்லைத் தானே அறுத்தவன், இப்போது அதைத் தன் வாயாலும் கொன்றுகொண்டிருந்தான். அந்த மனிதனுக்குத் தன் வில் கெட்ட வில்லாக இருந்தாலும் பரவாயில்லை, சின்னையன் வாயால் நல்ல வில்லாகக் கூடாது. விருத்தாம்பாள் கட்டுப் போட்ட கையால் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

"பாய், நீங்களாவது சொல்லுங்க. நீங்க அங்கதான இருந்தீங்க?" என்றாள்.

எனக்கு மறைக்கத் தெம்பில்லை. மூன்று நாளாக எனக்கும் சோறு இறங்கவில்லை.

"பத்தும் நல்ல வில்லு" என்றேன். "எனக்கு அப்பவே தெரியும் கண்ணாயிரம். கட்டு யாருதுன்னும் தெரியும், வில்லு யாருதுன்னும் தெரியும். பட்டம்மா கட்டறத நான் கண்ணால பாத்தேன். நீ மொத வில்ல அறுக்கறப்பவே என்னால நிறுத்தியிருக்க முடியும். வாயத் தொறக்கல."

"ஏன்?" என்று கேட்டவன் சின்னையன்.

"பொறாம. வேற என்ன? இந்த ஊர்ல இவன் கையி யாருக்கு இருக்குது? பாத்துப் பாத்து வயிறெரிஞ்சு கெடந்தேன். அறுக்கட்டும்னு உட்டுட்டேன்."

கண்ணாயிரம் எழுந்து வந்து என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் எழுந்தான், வந்தான், என் முன்னால் நின்றான். அவன் முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் ஏறியது.

"என் மேலயா பாய்?"

"உன் மேலதான்."

"என் கையி மேலயா? நெசமாவா?"

"அட ஆமாய்யா. இன்னும் எப்படிச் சொல்லணும்?"

அவன் சின்னையன் பக்கம் திரும்பினான். மூன்று நாள் பட்டினிக் கண்ணில் பழைய வெளிச்சம் வந்து உட்கார்ந்துவிட்டது.

"மச்சான், கேட்டியா? பாய்க்கு என் மேல பொறாமையாம்."

"கேட்டேன் மாமா."

"மாமான்னு நிக்கிறியே, போடா. போயி நூர்முகம்மது பாய்கிட்ட சொல்லு. வில்லு நல்ல வில்லு, என் வாக்குதான் சரியில்லன்னு எழுதச் சொல்லு. முத்திர நீயே போட்டுக்க. அந்தக் காஞ்ச மூங்கிலு எங்க வெச்சிருக்கிற?"

சின்னையன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். கண்ணாயிரம் அவன் பின்னாலேயே தெருவில் இறங்கி, ஐந்து வாசலைத் தாண்டி, மூங்கில் பார்க்கப் போய்விட்டான். போகிற வழியில் யாரிடமோ என் பெயரைச் சொல்லி உரக்கப் பேசுவது கேட்டது.

கொல்லையில் நானும் விருத்தாம்பாளும் மட்டும் நின்றோம். அவள் உட்கார்ந்து, வீங்கிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மண்ணில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். நான் உதவி செய்யக் குனிந்தேன்.

"வேணாம் பாய்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அவுருக்குக் கண்ணு தெரியல, அறுத்தாரு. உங்களுக்குத் தெரிஞ்சுதே."

நான் குனிந்தபடியே நின்றேன்.